சர்வமதக் கூட்டம்: மேடைக்குக் கீழே நடக்க வேண்டிய வேலை

இலங்கையின் கிழக்கே மட்டக்களப்பிலோ அம்பாறையிலோ சர்வமதக் கூட்டம் என்றதும் பலருக்கு ஒரே காட்சிதான் ஞாபகம் வரும். பிரதேச செயலக மண்டபம், பின்னால் பேனர், முன்வரிசையில் ஒரு பிக்கு, ஒரு குருக்கள், ஒரு மௌலவி, ஒரு பாதர். ஆளுக்குப் பத்து நிமிடம் பேசுவார்கள். எல்லா மதமும் அன்பைத்தான் போதிக்கிறது என்று நான்கு பேரும் சொல்லி முடிப்பார்கள். அப்புறம் வடை, பிளேன்டீ, குழுப்படம். மறுநாள் அந்தப் படம் பேஸ்புக்கில் வரும்.

இதைப் பார்த்துப் பார்த்தே ஊரில் இரண்டு பேச்சு நிலைத்துவிட்டது. என்ஜிஓக்காரர் வருடக் கடைசியில் காசு முடிக்கிற வேலை என்பது ஒன்று. மதங்களை எல்லாம் ஒன்றாகக் கலக்கப் பார்க்கிறார்கள், போனால் நம் பிள்ளைகளின் நம்பிக்கை போய்விடும் என்பது மற்றது. முதலாவது பேச்சில் சில வேளை உண்மை இருக்கிறது, அதை மறைக்க வேண்டியதில்லை. இரண்டாவது, விஷயம் என்னவென்று தெரியாததால் வரும் பயம். அதனால் இந்தக் கூட்டம் எதற்கு, அது எப்படி வேலை செய்கிறது, எப்போது வேலை செய்யாது என்று அடியிலிருந்து பார்ப்போம்.

முதலில், எது சர்வமதக் கூட்டம்?

வெவ்வேறு மதச் சமூகங்களைச் சேர்ந்தவர்கள், அவரவர் நம்பிக்கையை அப்படியே வைத்துக்கொண்டு, ஒரே ஊரில் வாழ்வதில் வரும் காரியங்களைப் பேசிச் செய்யக் கூடுவதுதான் சர்வமதக் கூட்டம். கடவுள் ஒன்றா பலவா என்று முடிவெடுக்க அங்கே யாரும் போவதில்லை. யாரையும் மதம் மாற்றுவதும் அங்கே வேலையில்லை. சுதந்திர தினத்திலும் திறப்பு விழாக்களிலும் நடக்கும் சர்வமதப் பிரார்த்தனை வேறு விஷயம். அது ஒரு சடங்கு, அதற்கு அதன் இடம் உண்டு.

வயல் செய்கிறவர்களுக்கு இது சட்டென்று புரியும். ஒவ்வொரு போகத்துக்கும் முன்னால் ஆரம்பக் கூட்டம் நடக்கிறது. விதைப்பு எந்தத் திகதிக்குள், மாடுகளை வயற்கண்டத்தை விட்டு எப்போது அப்புறப்படுத்துவது, வாய்க்கால் எந்த நாளுக்குள் வெட்டித் துப்பரவாக்குவது, தண்ணீர் எப்போது திறப்பது என்று அங்கே தீர்மானிப்பார்கள். காத்தான்குடியில் வீடும் வாவிக்கு மேற்கே படுவான்கரையில் வயலும் உள்ள முஸ்லிம் போடியார் (பெரிய வயல்காரர்) வருவார். அந்த வயலுக்குப் பக்கத்து வயல்காரரான தமிழர் வருவார். வரம்புத் தகராறில் போன வருடத்திலிருந்து முகம் பார்க்காத அண்ணன் தம்பியும் வருவார்கள். ஒருவரை ஒருவர் நேசியுங்கள் என்று வட்டவிதானை (தண்ணீர்ப் பங்கீட்டைப் பார்ப்பவர்) யாருக்கும் புத்தி சொல்வதில்லை. தண்ணீர் வருவதற்கு முன்னால் வாய்க்கால் சரியாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். அதற்காகப் பேசியாக வேண்டும், பேசுகிறார்கள். நல்ல சர்வமதக் கூட்டமும் இதே மாதிரியான கூட்டம்தான். பிரச்சினை வருவதற்கு முன்னால், பிரச்சினை வரும் என்று தெரிந்துகொண்டு கூடுவது.

பக்கத்தில் இருப்பது வேறு, பழகுவது வேறு

இந்த இரண்டு மாவட்டங்களிலும் ஒருவரை ஒருவர் தெரியாதவர்களா இருக்கிறார்கள் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. மட்டக்களப்பிலிருந்து அக்கரைப்பற்றுக்கு பஸ்ஸில் ஏறினால் நாவற்குடா, காத்தான்குடி, ஆரையம்பதி என்று தமிழ் ஊரும் முஸ்லிம் ஊரும் மாறி மாறி வரும். மருதமுனை தாண்டினால் பாண்டிருப்பு, சாய்ந்தமருது தாண்டினால் காரைதீவு, அதைத் தாண்டினால் நிந்தவூர். எங்கே ஓர் ஊர் முடிந்து அடுத்தது தொடங்குகிறது என்று வெளியூர்க்காரருக்குத் தெரியாது. உள்ளூர்க்காரருக்கு அங்குலக் கணக்கில் தெரியும்.

ஒற்றுமைகளுக்கும் குறைவில்லை. குடி என்கிற தாய்வழி வம்ச முறை இங்குள்ள இந்துக்களிடமும் உண்டு, முஸ்லிம்களிடமும் உண்டு. கோயிலை நிர்வகிக்கும் வண்ணக்கரையும் பள்ளிவாசலை நிர்வகிக்கும் மரைக்காயரையும் குடிவழியாகத் தெரிவுசெய்யும் வழக்கம் இரு பக்கமும் இருந்து வந்திருக்கிறது. மகளுக்கு வீடு கொடுத்துக் கட்டிவைப்பது இரு பக்கத்துத் தகப்பன்மாருக்கும் ஒரே தலையிடி. கல்முனை கடற்கரைப் பள்ளிவாசல் கொடியேற்றத்துக்கு இந்துக்கள் போவதும், ஆயித்தியமலை மாதாவுக்கு இந்துக்கள் நேர்த்தி வைப்பதும் எந்த வேலைத்திட்டமும் சொல்லிக்கொடுத்து வந்தவை அல்ல.

இவ்வளவு இருந்தும் 1990 நடந்தது. ஓகஸ்ட் 3 அன்று காத்தான்குடியில் இரண்டு பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்த நூற்றுக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள். அதே ஓகஸ்ட்டில் ஏறாவூரிலும் வீரமுனையிலும், செப்டெம்பர் 9 அன்று சத்துருக்கொண்டானிலும் கொலைகள் நடந்தன. கொன்றவர்கள் யார், கொல்லப்பட்டவர்கள் யார் என்பது இடத்துக்கு இடம் வேறு. ஆனால் அதற்குப் பிறகு அடுத்த ஊருக்குப் போய்வருவது எல்லாருக்குமே குறைந்தது. 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறன்று மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் முஸ்லிம் தீவிரவாதக் குழு ஒன்றைச் சேர்ந்தவர் குண்டை வெடிக்கவைத்தார். இறந்தவர்களில் பலர் ஞாயிறு வகுப்பு முடித்து வந்த பிள்ளைகள். அதன் பிறகு, பல வருடம் கடன் கொப்பி வைத்திருந்த முஸ்லிம் கடைக்கே போகாமல் விட்டவர்கள் உண்டு.

பாடசாலைகளையும் பாருங்கள். தமிழ்ப் பாடசாலை வேறு, முஸ்லிம் பாடசாலை வேறு, விடுமுறைக் கலண்டரும் வேறு. இரு பக்கப் பிள்ளைகளும் ஒரே தமிழில்தான் படிக்கிறார்கள். ஆனால் வந்தாறுமூலைக்கோ ஒலுவிலுக்கோ பல்கலைக்கழகம் போகும்வரை ஒரே வாங்கில் உட்காராமலே இருபது வயதாகிவிடலாம். சிங்களப் பிள்ளைகளோடு என்றால் அம்பாறை மாவட்டத்திலும் மொழியும் சேர்ந்து தடையாகிறது.

ஆகவே அருகில் வாழ்வதால் மட்டும் புரிந்துணர்வு வந்துவிடாது. சேர்ந்து சந்தைக்குப் போவதும் போதாது. எந்த மாதிரியான பழக்கம் வேலை செய்கிறது என்பதுதான் கேள்வி.

தொடர்புக் கோட்பாடு

இந்தக் கேள்விக்கு 1954-இல் கோர்டன் ஆல்போர்ட் என்ற அமெரிக்க உளவியலாளர் ஒரு பதில் தந்தார். அதற்குத் தொடர்புக் கோட்பாடு என்று பெயர். ஒரு சமூகத்தைப் பற்றி நேரில் அறியாமலே நாம் வைத்திருக்கும் முடிவான எண்ணத்தை முற்சாய்வு என்பார்கள். ‘அவங்கள் எல்லாம் இப்படித்தான்’ என்று தொடங்கும் பேச்சு எல்லாம் இதில் அடங்கும். சந்திப்பு இந்த முற்சாய்வைக் குறைக்கும், ஆனால் சும்மா சந்தித்தால் குறையாது என்பது ஆல்போர்ட் சொன்னது. கூட்டத்துக்குள் இரு பக்கமும் சமமாக இருக்க வேண்டும். இரு பக்கத்துக்கும் பொதுவான ஒரு நோக்கம் வேண்டும். அதைச் சேர்ந்து உழைத்து அடைய வேண்டும். பெரியவர்கள், அதிகாரிகள், சட்டம் என்று ஊர் மதிக்கிற ஏதோவொன்று அதற்குப் பின்னால் நிற்க வேண்டும்.

சமம் என்பது கேட்க லேசு. நம் மண்டபத்தில் பாருங்கள். பிக்குவின் கதிரைக்கு மட்டும் வெள்ளைத்துணி விரித்திருக்கும், முதலில் பேசுவதும் அவர்தான். பௌத்த மரபில் அது மரியாதை, அதில் பிழை சொல்ல முடியாது. ஆனால் அவர் சிங்களத்தில் பேசியதை ஒருவர் தமிழில் சுருக்கமாகச் சொல்லி முடித்து, பிறகு மௌலவிக்கும் குருக்களுக்கும் வரும்போது நேரமாகிவிட்டது, இரண்டு நிமிடத்தில் முடியுங்கள் என்றால் அங்கே சமம் போய்விட்டது. குத்துவிளக்கு ஏற்றுவதும் அப்படித்தான். ஏற்பாட்டாளருக்கு அது பொதுச் சம்பிரதாயம். சில முஸ்லிம்களுக்கும் சில சபைக் கிறிஸ்தவர்களுக்கும் அது வழிபாடு. மேடைக்குக் கூப்பிட்டுத் தீக்குச்சியைக் கையில் கொடுத்தபின் அவர் என்ன செய்வார்? ஏற்றினால் தன் ஆட்களிடம் பேச்சு வாங்குவார், ஏற்றாவிட்டால் இங்கே. நல்லிணக்கத்துக்கு என்று வந்தவரைத் தொடக்கத்திலேயே மூலையில் தள்ளும் வேலை இது.

அழைப்பிதழ்ப் பட்டியலிலும் ஒரு சமமின்மை உண்டு. கத்தோலிக்கப் பாதரும் மெதடிஸ்த போதகரும் எப்போதும் இருப்பார்கள். மதமாற்றம் என்ற பேச்சு வரும்போதெல்லாம் பெயர் அடிபடுகிற சிறிய சபைகளின் பாஸ்டர்களை யாரும் கூப்பிடுவதில்லை. பிரச்சினை இருக்கிற இடத்தில்தான் கதிரை இல்லை. பெண்களோ பெரும்பாலும் வரவேற்பிலும் தேநீரிலும்தான் தெரிகிறார்கள்.

சாப்பாடு போட்டால் போதுமா?

அதே 1954-இல் முசாபர் ஷெரிப் என்பவர் ஒக்லஹோமாவில் ஒரு பரிசோதனை செய்தார். பதினொரு பன்னிரண்டு வயதுப் பையன்கள் 22 பேரை இரண்டு குழுவாகப் பிரித்து ஒரு முகாமில் விட்டு, அவர்களுக்குள் போட்டி வைத்தார். சில நாளிலேயே இரு குழுவும் எதிரிகளாகிவிட்டன. பிறகு அவர்களை ஒன்றாக உட்காரவைத்துச் சாப்பாடு போட்டார், படம் காட்டினார். பகை குறையவில்லை. சாப்பாட்டை எடுத்து ஒருவர் மேல் ஒருவர் எறிந்தார்கள். முகாமுக்கு வரும் தண்ணீர் தடைப்பட்டு அதைச் சேர்ந்து சரிசெய்ய வேண்டி வந்தபோதும், ஓடாமல் நின்ற லொறியைச் சேர்ந்து இழுக்க வேண்டி வந்தபோதும்தான் நிலைமை மாறத் தொடங்கியது. (இன்றைக்கு எந்தப் பெற்றோரும் இப்படி ஒரு பரிசோதனைக்குச் சம்மதிக்கமாட்டார்கள், சம்மதிக்கவும் கூடாது.) ஒரு பக்கம் மட்டும் தனியாக முயன்று அடைய முடியாத இலக்கு ஒன்று வேண்டும் என்பது ஷெரிப் கண்டது.

வடையும் பிளேன்டீயும் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அதுவே கூட்டத்தின் உச்சம் என்றால் ஷெரிப்பின் பையன்கள் நிலைதான்.

நமக்கு ஒக்லஹோமா வரை போகவும் தேவையில்லை. அம்பாறையிலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. கல்லோயா நீர்ப்பாசனத் திட்டத்தின் இடதுகரையில், சேனாநாயக்க சமுத்திரம் என்ற பெருங்குளத்துக்குக் கிட்ட மேல்பக்கம் சிங்களக் குடியேற்ற விவசாயிகள். வாய்க்காலின் கடைசிப் பக்கம் தமிழ் விவசாயிகள். மேலே இருப்பவர் அளவுக்கு மிஞ்சி எடுத்தால் கீழே வயல் காயும். வருடக்கணக்காக அப்படித்தான் நடந்தது. 1981-இல் அங்கே விவசாயிகளைச் சிறு குழுக்களாகச் சேர்க்கும் திட்டம் ஒன்று தொடங்கியது. இளம் பட்டதாரிகளை விவசாயிகளுக்கு மத்தியில் தங்கவைத்தார்கள். அந்தச் சிறுபோகம் (வருடத்தின் இரண்டாம் போகம்) குளத்தில் தண்ணீர் மிகக் குறைவு. இருந்தும் வயல் வாய்க்கால் ஒவ்வொன்றிலும் பங்குதாரர்கள் கூடி, தூர்ந்த வாய்க்காலைத் தாங்களே வெட்டி, முறை வைத்துத் தண்ணீர் பாய்ச்சினார்கள். மிச்சம் பிடித்த தண்ணீரைக் கீழ்ப்பக்கத்துக்கு விட்டார்கள். கீழே இருந்தது தமிழர் வயல் என்று தெரியாமல் விடவில்லை.

இதில் மதத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லையே என்று தோன்றலாம். உண்மைதான். அந்தப் பகுதியில் மேலே இருந்தவர்கள் பெரும்பாலும் பௌத்தர், கீழே இருந்தவர்கள் பெரும்பாலும் இந்துக்கள். அவர்கள் கூடியது தண்ணீருக்காக. நாலு பேச்சாளர் சேர்ந்து செய்ய முடியாததை அந்தக் கூடல் செய்தது.

இதுவரை பார்த்ததில் பிடித்துக்கொள்ள வேண்டியது இவ்வளவுதான்: சமமான இருக்கை, சேர்ந்து செய்ய ஒரு வேலை, பின்னால் நிற்கப் பெரியவர்கள். இவை இருந்தால் கூட்டம் வேலை செய்யும் வாய்ப்பு அதிகம்.

குறைவாக இருப்பது அறிவா?

அவர்கள் மதத்தைப் பற்றி நமக்குத் தெரியாததால்தான் சண்டை, தெரிந்துகொண்டால் தீர்ந்துவிடும் என்று பலர் நம்புகிறார்கள். அதனால்தான் ஒவ்வொரு கூட்டத்திலும் ‘இஸ்லாம் கூறும் சமாதானம்’, ‘இந்து மதத்தில் சகிப்புத்தன்மை’ என்று உரைகள்.

தோமஸ் பெட்டிகுரூ, லிண்டா ட்ராப் என்ற இரு உளவியலாளர்கள் 2006-இல் தொடர்புக் கோட்பாடு பற்றிய 515 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். சந்திப்பு முற்சாய்வைப் பொதுவாகக் குறைக்கிறது என்றும், ஆல்போர்ட் சொன்ன நிபந்தனைகள் இருந்தால் இன்னும் கூடுதலாகக் குறைக்கிறது என்றும் தெரிந்தது. 2008-இல், அது எந்த வழியாகக் குறைகிறது என்று பார்த்தார்கள். மற்றவரைப் பற்றிய அறிவு கூடுவது ஒரு வழிதான், ஆனால் அதன் பங்கு சிறியது. மற்றவர் முன்னால் வரும் பதற்றம் குறைவதும், அவர் நிலையில் நின்று பார்க்கத் தொடங்குவதும்தான் பெரிய பங்கு வகித்தன.

பதற்றம் என்றால் வெறுப்பு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். மௌலவிக்குக் கை கொடுக்கலாமா, அவர்கள் வீட்டில் ஏதாவது தந்தால் சாப்பிடலாமா, கோயில் வாசலில் செருப்பை எங்கே கழற்றுவது, மையத்து வீட்டுக்கு (முஸ்லிம்களின் மரண வீட்டுக்கு) போனால் என்ன சொல்வது என்கிற சின்னச் சின்னக் கூச்சங்கள்தான் அது. இவற்றுக்குப் பயந்து நாம் போகாமலே இருந்துவிடுகிறோம். போகாததை அவர்கள் வெறுப்பு என்று எடுத்துக்கொள்கிறார்கள். நாலு தரம் போய்வந்தால் இந்தக் கூச்சம் தானாகப் போய்விடும். அதற்கு உரை தேவையில்லை, போக்குவரத்துத்தான் தேவை.

மாவுக்கட்டி ஒன்று செய்த வேலை

2018 பெப்ரவரி கடைசியில் அம்பாறை நகரத்தில் ஒரு முஸ்லிம் சாப்பாட்டுக் கடை. சாப்பிட வந்த ஒருவரின் சாப்பாட்டில் ஏதோ கட்டி. மலடாக்கும் மருந்து போட்டிருக்கிறார்கள் என்று சத்தம் எழுந்தது. கடையில் இருந்தவருக்குச் சிங்களம் சரியாகத் தெரியாது. ஆட்கள் சூழ்ந்துகொண்டு கேட்டதற்கு அவர் தடுமாறிச் சொன்னதை ஒப்புக்கொண்டதாக வீடியோ எடுத்துப் பரப்பினார்கள். அன்று இரவே பள்ளிவாசலும் கடைகளும் தாக்கப்பட்டன. பிறகு அரச பகுப்பாய்வாளர் பரிசோதித்தார். அது வெறும் மாவுக்கட்டி. சாப்பாட்டில் கலந்து கொடுத்து ஒருவரை நிரந்தரமாக மலடாக்கும் மாத்திரை என்று ஒன்று கிடையவே கிடையாது என்பதும் மருத்துவர்கள் வாயால் வந்தது. ஆனால் அறிக்கை வந்தபோது எரிந்தது எரிந்துவிட்டது.

இந்த இடத்தில்தான் சர்வமதக் குழுவின் உண்மையான பயன் தெரியும். கதை கிளம்பி முதல் ஒன்றிரண்டு மணித்தியாலத்தில், மற்றப் பக்கத்தில் நீங்கள் நம்பும் ஒருவருக்கு அழைப்பு எடுத்து ‘என்ன நடந்தது?’ என்று கேட்க முடிய வேண்டும். அவர் சொல்வதை உங்கள் ஊரில் போய்ச் சொன்னால் நாலு பேர் நம்பவும் வேண்டும். இந்த இரண்டு நம்பிக்கையும் அன்றைக்கு உண்டாக்கக் கூடியவை அல்ல.

அசுதோஷ் வார்ஷ்ணே என்ற அரசியல் ஆய்வாளர் இந்தியாவில் இந்து முஸ்லிம் கலவரம் அடிக்கடி நடக்கும் நகரங்களையும் நடக்காத நகரங்களையும் சோடி சோடியாக எடுத்து ஒப்பிட்டார். அலிகாருக்குச் சோடி கோழிக்கோடு. இரண்டிலும் முஸ்லிம்கள் ஏறத்தாழ ஒரே விகிதம். கோழிக்கோட்டில் வியாபாரச் சங்கம், தொழிற்சங்கம், வாசகர் வட்டம் என்று இரு மதத்தவரும் கலந்த அமைப்புகள் நிறைய. பதற்றம் வந்தால் இவை வழியாக உடனே விஷயம் போகும், வதந்தி அங்கேயே அடங்கும். அண்டை வீட்டோடு கதைப்பது, பிள்ளைகள் சேர்ந்து விளையாடுவது போன்ற அன்றாடப் பழக்கமும் நல்லதுதான். ஆனால் நகரத்தில் பெரிய அடி விழும்போது தாங்கி நிற்பது அமைப்பாகச் சேர்ந்த தொடர்பே என்பது அவர் முடிவு. கிராமத்தில் அன்றாடப் பழக்கமே போதுமாக இருக்கலாம். கல்முனை, காத்தான்குடி, அம்பாறை நகரம் மாதிரி இடங்களுக்கு அது போதாது என்றே நினைக்கிறேன்.

கூட்டத்தால் ஆகாதவை

காணிப் பிரச்சினை, மேய்ச்சல்தரை, பிரதேச செயலக எல்லை, அரச வேலைவாய்ப்பு இவை எல்லாம் சர்வமதக் கூட்டத்தில் தீராது. அவற்றுக்கு உறுதி, வரைபடம், வர்த்தமானி, நீதிமன்றம் வேண்டும். கல்முனை வடக்குப் பிரதேச செயலக விவகாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். உப செயலகமாக இருந்த அதை முழுப் பிரதேச செயலகமாகத் தரமுயர்த்தக் கோரி 2019 ஜூனில் ஒரு பிக்குவும் ஓர் இந்துக் குருக்களும் மற்றவர்களோடு சேர்ந்து உண்ணாவிரதம் இருந்தார்கள். மறுபக்கம் அதை எதிர்த்து முஸ்லிம்கள் கூடினார்கள். கோரிக்கையின் சரி பிழை இங்கே நமக்கு வேண்டாம். பல மதத்தவர் ஒரு பந்தலில் இருந்தாலே அது சர்வமத நல்லிணக்கம் ஆகிவிடாது என்பதற்காகத்தான் சொல்கிறேன்.

பழைய காயத்தைப் பேசக்கூடாது என்ற விதியோடு நடக்கும் கூட்டங்களும் உண்டு. முதல் கூட்டத்திலேயே 1990-ஐ எடுத்தால் கூட்டம் உடையும், அது சரி. ஆனால் பத்தாவது கூட்டத்திலும் அதைத் தொடவில்லை என்றால், அங்கே வருகிறவர்கள் இன்னும் ஒருவரை ஒருவர் நம்பவில்லை.

உங்கள் ஊரில் தொடங்குவதென்றால்

வேலையை முதலில் பிடியுங்கள், தலைப்பைப் பிறகு பார்க்கலாம். இரண்டு ஊருக்கும் நடுவில் போகும் வடிகான், டெங்கு, பாடசாலை வாசலில் போதைப்பொருள், முஸ்லிம்களின் மையவாடிக்கும் மற்றவர்களின் மயானத்துக்கும் பொதுவான பாதையில் எரியாத விளக்கு. இதில் ஒன்று போதும். ஆலய பரிபாலன சபை, பள்ளிவாசல் நம்பிக்கையாளர் சபை, திருச்சபை மூன்றின் சம்மதத்தையும் வாங்கிவிடுங்கள், ஆனால் வேலைக்கு வருகிறவர்கள் தலைவர்களாக இருக்கத் தேவையில்லை. மாதர் சங்கமும் விளையாட்டுக் கழகமும் வந்தால்தான் வேலை நடக்கும்.

நாள் குறிப்பதில் கவனம் வேண்டும். வெள்ளி மதியம், ஞாயிறு காலை, போயா (பௌர்ணமி) தினம், நோன்பு மாதத்து மாலை, வைகாசியில் கண்ணகி அம்மன் குளிர்த்தி நாட்கள் இவற்றைத் தவிருங்கள். சாப்பாடு மரக்கறியாக இருந்தால் அநேகமாக எல்லாரும் கை நனைக்கலாம். எல்லாருக்கும் ஒரே மாதிரிக் கதிரை, வட்டமாக. பிக்கு வருகிறார் என்றால் அவர் இருக்கையை எப்படி வைப்பது என்று முன்கூட்டியே அவரிடமே கேளுங்கள். பெரும்பாலும் அவரே ஒரு வழி சொல்வார்.

முதல் கூட்டத்துக்குப் பேனர் அடிக்க வேண்டாம், படமும் போட வேண்டாம். முடிந்து போகும்போது தொலைபேசி இலக்கங்களை மாற்றிக்கொள்ளுங்கள். அடுத்த கிழமை, ஒரு பிரச்சினையும் இல்லாத நாளில், அதில் ஒருவருக்கு எடுத்து வடிகான் வேலை எந்த அளவில் இருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள்.